அதிபர் பெயர்ப் பலகையில் இல்லாதவர்கள்: திருமலை இந்துக் கல்லூரி வரலாற்றை எப்படி எழுதுவது?

வில்லூன்றிவாசி:

வணக்கம். எங்கள் இ.கி.ச. (இராமகிருஷ்ண சங்க) ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியின் வரலாற்றை ஒழுங்காக எழுத வேண்டும் என்று எங்கள் வகுப்பில் படித்த நாலு பேர் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். பரிசளிப்பு விழா மலரில் வருகிற இரண்டு பக்கம் இல்லை. ஆறுதலாக இருந்து வாசிக்கக் கூடிய ஒரு புத்தகம்.

தொடக்கம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. 1897இல் திருமலைச் (திருகோணமலைச்) சைவர்கள் தொடங்கிய பள்ளி இது. மெதடிஸ்தக்காரரும் கத்தோலிக்கரும் பட்டினத்தில் அதற்கு முன்பே வேரூன்றிவிட்டார்கள். புனித சூசையப்பர் கல்லூரி 1867இலேயே வந்துவிட்டது. துறைமுகத்திலோ கச்சேரியிலோ (அரசாங்க அலுவலகத்திலோ) எழுதுவினைஞர் வேலை வேண்டுமென்றால் இங்கிலீஷ் தெரிய வேண்டும். இங்கிலீஷ் வேண்டுமென்றால் கிறிஸ்தவ வேதப் பாடத்திலும் இருந்தாக வேண்டும். இதற்கு ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிக் கண்ட வழி, அரை நூற்றாண்டு கழித்துக் கோணேசர் காலடிக்கும் வந்து சேர்ந்தது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1897 ஜனவரியில்தான் விவேகானந்தர் கொழும்பில் வந்து இறங்கினார். அந்த ஆண்டு மே 1ஆம் திகதி கல்கத்தாவில் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். அப்படியென்றால் எங்கள் பள்ளிக்கும் மிஷனுக்கும் ஒரே வயது. 28 வருடம் கழித்து, 1925இல், பள்ளி மிஷனின் கைக்குப் போனது. இதைக் கணக்குப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் போட்டிருக்கும் திட்டம் ஒரு அதிபருக்கு ஒரு அத்தியாயம். எப்போது வந்தார், எப்போது போனார், அவர் காலத்தில் எழும்பிய கட்டடம் எது, பரீட்சைப் பெறுபேறு எப்படி, விளையாட்டில் என்ன வென்றோம். மண்டபத்தில் இருக்கும் பெயர்ப் பலகையை அப்படியே பொருளடக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பழைய படம், மலர், கடிதம் எது இருந்தாலும் தாருங்கள். திட்டத்தில் பிழை இருந்தாலும் சொல்லுங்கள்.

ஸ்காபரோ திருமலையான்:

தம்பி, மெத்தச் சந்தோஷம். செலவுக்கு நாங்கள் இருக்கிறோம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், விபுலானந்த அடிகளுக்குப் புத்தகத்தில் பாதி இடம் கொடுங்கள். காரைதீவில் பிறந்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் லண்டன் பி.எஸ்ஸி.யும் ஒருவரே எடுத்து, பிறகு காவி உடுத்தி வந்து எங்கள் பள்ளியின் அதிபர் கதிரையில் இருந்தவர். இப்படி ஒரு அதிபர் இலங்கையில் எந்தப் பள்ளிக்கு வாய்த்தார்? என்னுடைய பேரப்பிள்ளைகளுக்குத் திருகோணமலை எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் காட்டத் தெரியாது. அடிகளின் பெயரைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள், அவர்களுடைய தமிழ்ப் பள்ளியில் அவருடைய படம் தொங்குகிறது.

உவர்மலை வாத்தியார்:

வில்லூன்றிவாசி, உங்கள் முயற்சிக்கு என் ஆசீர்வாதம். ஆனால் திட்டத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. 31 வருடம் படிப்பித்தவன் என்ற முறையில் மனதில் பட்டதைச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

ஒரு அதிபருக்கு ஒரு அத்தியாயம் என்று எழுதினால் அது பள்ளியின் வரலாறாக இராது, அரசர் பட்டியலாகத்தான் இருக்கும். அதிலும் பெரிய பிழை ஒன்று உண்டு. 1960க்கு முன்னும் பின்னும் ‘அதிபர்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை.

மிஷன் காலத்தில் இது அரசாங்க உதவி பெறும் பாடசாலை. அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும். ஆசிரியரை எடுப்பதும் இடம் மாற்றுவதும் முகாமையாளரின் கையில். அதிபர் பாடத்தையும் ஒழுங்கையும் பார்ப்பார். கூரையில் ஓடு உடைந்தாலும் கணித ஆசிரியர் விலகிப் போனாலும் கடிதம் முகாமையாளருக்குத்தான் போகும். அந்தக் கால அதிபர் ஒருவர் சாதித்ததையோ சாதிக்காததையோ எழுதப் போகிறீர்கள் என்றால், அவருக்குப் பின்னால் நின்ற முகாமையாளரை விட்டுவிட்டு எப்படி எழுதுவீர்கள்?

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் முகாமை டிசம்பர் 1ஆம் திகதி முதல் அரசாங்கத்துக்குப் போனது. அடுத்த வருடம் 8ஆம் இலக்கச் சட்டத்தால் காணியும் கட்டடமும் போயின. கத்தோலிக்கப் பெற்றோர் பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே குடியிருந்து எதிர்த்தார்கள். இராமகிருஷ்ண மிஷன் தகராறு இல்லாமல் கையளித்தது. அன்றிலிருந்து அதிபர் ஓர் அரச உத்தியோகத்தர். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தால் போக வேண்டும், இன்னொரு கடிதம் வந்தால் புதியவர் வருவார். நான் என் சேவைக்காலத்தில் பதினொரு அதிபர்களின் கீழ் வேலை செய்தேன். அவர்களில் சிலர் பள்ளியின் மூலை முடுக்கு எல்லாவற்றையும் பார்த்து முடிக்குமுன் மாற்றலாகிப் போனார்கள். அவர்களுக்கு அத்தியாயம் எழுத என்ன இருக்கும்? ஆனால் பள்ளி அந்த நாட்களிலும் நடந்தது. யார் நடத்தினார்கள் என்பதுதான் கேள்வி.

ஸ்காபரோ ஐயாவுக்கு ஒரு சொல். அடிகள் மீது எனக்கும் தீராத பக்தி உண்டு. ஆனால் அவர் 1925இல் இலங்கை திரும்பினார். 1929இல் மட்டக்களப்பில் சிவானந்தா வித்தியாலயம் எழும்பிவிட்டது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர். திருமலைக்கு அவர் கொடுத்த காலம் இதற்குள்தான், அதையும் யாழ்ப்பாணம் மட்டக்களப்பு என்று எத்தனையோ மிஷன் பள்ளிகளோடு பங்குபோட்டுத்தான் கொடுத்தார். பள்ளிக்கு நூறு வருடத்துக்கு மேலே வயது. புத்தகத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தால், அவருக்குப் பின் வந்த எல்லோரும் அவருடைய நிழலில் காணாமல் போவார்கள். அவரே அதை விரும்பியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஸ்காபரோ திருமலையான்:

சேர், நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் ஒன்று. விஞ்ஞானம் படித்த ஒருவர் துறவியாகி வந்து பிள்ளைகள் முன் நின்றது, சைவப் பிள்ளைக்கு இங்கிலீஷும் விஞ்ஞானமும் வருமா என்ற பயத்தைப் போக்கியது என்று என் தகப்பனார் சொல்வார். அதை எத்தனை வருடம் இருந்தார் என்ற கணக்கால் அளக்க முடியாது. பாதி வேண்டாம். நல்ல ஒரு அத்தியாயம் போதும்.

உவர்மலை வாத்தியார்:

அது சரி. அந்தப் பயத்தைப் பற்றி உங்கள் தகப்பனார் சொன்னதை மறக்குமுன் எழுதி அனுப்புங்கள். அதுதான் எங்களுக்கு வேண்டியது.

மூதூர் இறங்குதுறை:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அந்தப் பள்ளி மாணவன் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வாப்பாவின் காலத்தில் மூதூரில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. பட்டினத்துக்குத்தான் வர வேண்டும். தரையால் வந்தால் கிண்ணியாவில் பாதையில் (மிதவைப் படகில்) ஏறி இறங்க வேண்டும், பாலம் 2009இல்தான் வந்தது. அதனால் லாஞ்சிதான் (இயந்திரப் படகு). கொட்டியாரக் குடாவில் வாடைக்காற்று எழும்பினால் லாஞ்சியும் ஓடாது.

திங்கட்கிழமை காலை முதல் லாஞ்சியில் வரும் பிள்ளைகள் எப்படி ஓடினாலும் பட்டினத்துப் பள்ளி மணிக்குப் பிந்தித்தான் போவார்கள். வாப்பா சொல்வார், ஒரு அதிபர் அவர்களைப் பகல் வரை வெளியே நிற்க வைத்தார். அவருக்குப் பிறகு வந்தவர் ஒருநாள் தானே இறங்குதுறைக்கு நடந்து போய், லாஞ்சி கட்டும் நேரத்தைப் பார்த்து, தன் கொப்பியில் குறித்துக்கொண்டு போனாராம். அடுத்த கிழமையிலிருந்து திங்கட்கிழமை முதல் பாடம் தேவாரம், சமயம், உடற்பயிற்சி என்று மாறிவிட்டது. விஞ்ஞானமும் கணிதமும் லாஞ்சிப் பிள்ளைகள் வந்த பிறகு. அந்த அதிபர் எந்தக் கட்டடமும் கட்டவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி வந்தது அந்த நேரசூசியால்.

இப்படியானவை உங்கள் பெயர்ப் பலகையில் எங்கே வரும்?

வில்லூன்றிவாசி:

நானா, இதை இரண்டு தரம் வாசித்தேன். இது எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று வாப்பாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? எங்கள் பள்ளியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பட்டினத்துப் பள்ளிகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து நடந்தவைதானே.

குளக்கோட்டன் மண்:

தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். விடுதியில் இருந்து படித்தவன். வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாவற்றையும் சட்டம் என்றும் முகாமை என்றும் மட்டும் பார்க்காதீர்கள். இந்தப் பட்டினத்தில் பள்ளியின் தலையெழுத்தைத் துறைமுகமும் எழுதியது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், பட்டினத்துச் சனம் ஊர் ஊராகக் கிளம்பிப் போனது. 1957இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகு டொக்யார்ட்டை நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சம்பளம் போனது. 1964 டிசம்பர் சூறாவளி. 1983 கலவரம். 1990 போர். 2004 சுனாமி. ஒவ்வொரு முறையும் இடாப்பில் பெயர்கள் வெட்டப்படும், புதிய பெயர்கள் சேரும். வரவு இடாப்பை ஒருவர் பொறுமையாக வாசித்தால் திருகோணமலையின் வரலாறே அதில் கிடைக்கும்.

90இல் எங்கள் ஊர்ச் சனத்தோடு நான் தங்கியது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். ஆறாம் வகுப்புப் பி பிரிவு. வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். அம்மா கரும்பலகைக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்தா. கரும்பலகையில் யாரோ எழுதிவிட்டுப் போன பின்னக் கணக்கு பாதியில் நின்றது. புகை பட்டுக் கறுத்தாலும் அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பள்ளியின் அதிபர் யார் என்று அப்போது கேட்கவில்லை. காலையில் ஒரு மனிதர் சைக்கிளில் வருவார், ஒவ்வொரு வாசலிலும் நின்று எத்தனை பிள்ளைகள் என்று எண்ணுவார், மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அவ்வளவுதான் தெரியும்.

சண்முகா மகள்:

இந்த இழையை ஒரு கிழமையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, மேலே உள்ள அண்ணாவின் கடைசி வரிகளைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

நான் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் படித்தவள். 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய பள்ளி. ஒரு பெண் தன் பெயர் நிலைக்கும்படி ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கிய ஊர் இது. ஆனால் நான் சொல்ல வந்தது என் அப்பாவைப் பற்றி. அவர் மாவட்டத்தில் வேறொரு பள்ளியில் உப அதிபராக இருந்தவர். எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. அங்கே இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள், யாருக்கும் சங்கடம் வேண்டாம்.

90இல் அதிபர் ஊருக்குப் போனவர் திரும்பி வர வழியில்லாமல் போயிற்று. திறப்புக் கொத்து அப்பாவிடம் இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவர்தான் பள்ளியைத் திறந்தார். மூன்று வருடமும் இரண்டு மாதமும்.

அப்பா செய்த முதல் வேலை ஆய்வுகூடத்து இரசாயனத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பித்தளைத் தராசு. அதைச் சாக்கால் சுற்றி, சைக்கிளில் வைத்து, தான் ஏறாமல் உருட்டிக்கொண்டே இரண்டு மைல் நடந்து வந்தார். சாமி அறையில் வைத்தார். நிறைப்படிகள் இருந்த சின்ன மரப்பெட்டியும் இடுக்கியும் பக்கத்தில். கையால் தொட்டால் நிறை மாறிவிடும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார். அம்மா தினமும் பிள்ளையாருக்குப் பூ வைக்கும்போது தராசின் கண்ணாடியையும் துடைப்பா. மூன்று வருடம் கழித்து அது பள்ளிக்குத் திரும்பிப் போன அன்று அறை வெறுமையாக இருந்தது, அம்மா கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா.

பள்ளியின் நாளாந்தப் பதிவேடான சம்பவத் திரட்டை அப்பா ஒருநாளும் தவறாமல் எழுதினார். அது அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாத புத்தகம். ஆனால் எந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியாத காலம் என்பதால், இரவில் லாம்பு வெளிச்சத்தில் அதைத் தன் சொந்தக் கொப்பியிலும் பிரதி எடுத்தார். திகதி, வானிலை, வந்த ஆசிரியர், வந்த பிள்ளைகள், நடந்த பாடம். முதல் வாரத்தில் பிள்ளைகள் பதினாலு. ஆறு மாதத்தில் நூற்றுப் பத்து. ஒரு நாளைக்கு எழுதியிருப்பது ஒரே வரி, வெண்கட்டி முடிந்துவிட்டது என்று. அடுத்த நாள் கூரை ஓட்டுத் துண்டால் எழுதியதாக இருக்கிறது.

அந்தப் பள்ளியின் அதிபர் பெயர்ப் பலகையில் அப்பாவின் பெயர் இல்லை. அப்பா இறந்த பிறகு நான் போய்க் கேட்டேன். நியமனக் கடிதம் இருந்தால் எழுதலாம் என்றார்கள். அந்த நாட்களில் கடிதம் கொண்டுவரத் தபாலே இல்லை. பலகையில் 1990இல் ஒரு பெயர் முடிகிறது, 1993இல் அடுத்த பெயர் தொடங்குகிறது. நடுவில் மரம் மட்டும்தான். அந்த இடத்தைப் பார்த்தால் பள்ளி மூன்று வருடம் மூடிக் கிடந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உங்கள் புத்தகத்தில் அந்த மாதிரி இடைவெளி விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

குளக்கோட்டன் மண்:

தங்கச்சி, அந்தச் சைக்கிளுக்கு முன்பக்கம் டைனமோ விளக்கு உடைந்து ஒரு பக்கம் சரிந்து இருக்குமா?

சண்முகா மகள்:

அப்பாவின் சைக்கிளில் டைனமோ இருக்கவில்லை அண்ணா. அது வேறொரு அதிபர். இப்படி எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள்.

உவர்மலை வாத்தியார்:

மகள், உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குக் கடமை நிறைவேற்று அதிபர் என்று இன்று ஒரு பெயர் உண்டு, பதில் அதிபர் என்றும் சொல்வார்கள். அலுவலகக் கணக்கில் அது தற்காலிகம். அதிபர் சேவை, தரம், நேர்முகப் பரீட்சை எல்லாம் வந்த பிறகும், கிழக்கில் எத்தனையோ பள்ளிகள் தற்காலிகமானவர்களால்தான் வருடக்கணக்காக நடந்தன. வில்லூன்றிவாசி, இந்துக் கல்லூரியின் பலகையிலும் ஆண்டுகளை ஒன்றொன்றாகக் கூட்டிப் பாருங்கள். எங்கெங்கே ஒரு முடிவுக்கும் அடுத்த தொடக்கத்துக்கும் நடுவில் மாதங்கள் விழுகின்றனவோ, அங்கே போய்த் தோண்டுங்கள்.

இன்னொன்று, அவசரமானது. சம்பவத் திரட்டுகளை முதலில் படம் பிடியுங்கள், எழுதுவது பிறகு. நான் வேலை செய்த ஒரு பள்ளியில் பழைய திரட்டுகள் மேடைக்குக் கீழே ஒரு பெட்டியில் கிடந்தன. ஓய்வு பெறுமுன் ஒருமுறை பார்க்கலாம் என்று திறந்தேன். மட்டை மட்டும் இருந்தது, உள்ளே முழுக்கக் கறையான் மண். அறுபது வருடத்து எழுத்து. அட்டையைத் தூக்கியதும் மண்ணாகக் கொட்டியது. அதற்கு முதல் வருடமே திறந்திருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

டச்சுக்குடா:

நான் அதிகம் எழுதுபவன் இல்லை. 2006 ஜனவரி 2, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களையும் புத்தகத்தில் சேருங்கள். எந்த அதிபரின் அத்தியாயத்தில் வரும் என்று யோசிக்க வேண்டாம். தனியாக ஒரு பக்கம். ஐந்து பெயரும் முழுதாக.

வில்லூன்றிவாசி:

வரும் அண்ணா. கட்டாயம் வரும்.

எல்லோருக்கும் ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். திட்டத்தை மாற்றிவிட்டோம். நேற்று நாலு பேரும் மக்கெய்சர் மைதானத்துப் பக்கம் மான்கள் மேய்கிற இடத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். பலகையைப் பொருளடக்கமாக வைக்கப் போவதில்லை. பள்ளியின் பெயரையே பிரித்து எழுதலாம் என்று பட்டது. ‘இந்துக் கல்லூரி’ என்பது 1897இல் சைவர்கள் ஏன் தனிப் பள்ளி கேட்டார்கள் என்ற கதை. ‘இ.கி.ச.’ என்பது 1925 முதல் மிஷன் காலம், முகாமையாளரும் அதிபரும் எப்படிப் பங்குபோட்டு நடத்தினார்கள் என்பது. அடிகள் அங்கே வருவார், அவருக்குரிய இடத்தோடு. மிஷன் பள்ளியைக் கையளித்து அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த மூன்று எழுத்துகளை யாரும் எடுக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். ‘ஸ்ரீ கோணேஸ்வரா’ பெயரில் பிறகு சேர்ந்தது, அது அரசாங்கப் பள்ளிக் காலத்துக்கும் போர்க் காலத்துக்கும். ஒவ்வொரு பகுதியிலும் அதிபர்கள் வருவார்கள், ஆனால் அவர்கள் முன்னால் வந்து நின்ற பிரச்சினையோடு சேர்ந்து வருவார்கள். லாஞ்சி பிந்தியது, வெண்கட்டி முடிந்தது, வகுப்பறையில் குடும்பங்கள் இருந்தது.

பழைய அதிபர்களின் வீட்டாரிடம் கேட்பதற்குக் கேள்விகளும் மாற்றியாகிவிட்டது. என்னென்ன சாதித்தார் என்று இனிக் கேட்கப் போவதில்லை. காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் போவார், திறப்பு யாரிடம் இருக்கும், எந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் வந்து கதைத்தார், பள்ளியிலிருந்து எதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாதுகாத்தார் என்றுதான் கேட்கப் போகிறோம்.

சண்முகா அக்கா, அப்பாவின் கொப்பியை ஒருமுறை பார்க்கக் கிடைக்குமா? எங்கள் பள்ளியினது இல்லைத்தான். ஆனால் சம்பவத் திரட்டை எப்படி வாசிப்பது என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. அதைப் பார்த்தால் பிடிபடும்.

சண்முகா மகள்:

வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். கொப்பி மூன்று. முதலாவதில் தண்ணீர் பட்ட பக்கங்கள் இருக்கின்றன, பிரிக்கும்போது ஊதி ஊதித்தான் பிரிக்க வேண்டும். நீல மை என்பதால் வெயில் படாத இடத்தில் மேசை போடுங்கள்.

மூதூர் இறங்குதுறை:

வாப்பாவிடம் கேட்டேன். பள்ளி எது என்று சொல்லிவிட்டார், ஆண்டுதான் அவருக்குக் குழம்புகிறது. அந்த நாளில் லாஞ்சி ஓட்டிய மாமா ஒருவர் இன்னும் இருக்கிறார், எண்பத்தாறு வயது. அதிபர் இறங்குதுறைக்கு வந்து நின்ற நாள் தனக்கு நல்ல ஞாபகம், அன்றைக்கு என்ன காற்று என்றுகூடச் சொல்வேன் என்கிறார். சனிக்கிழமை காலை அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். படி ஏற முடியாது, கீழே ஒரு கதிரை போட்டு வையுங்கள்.